என்டர் தட்டினால் சம்மதமா? ஒரு டெஸ்பாட்ச் கவுண்டரின் பரிந்துரைத் திரை

பின்னணி

கோவையில் பம்ப்செட் உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் நிறுவனம் ஒன்று. இம்பெல்லர், மெக்கானிக்கல் சீல், வைண்டிங் வயர், போர்வெல் மோட்டார் பாகங்கள் என்று தமிழ்நாடு முழுக்க டீலர்களுக்கு அனுப்புகிறார்கள். கேரளத்துக்கும் கொஞ்சம் போகும். வெயில் ஏற ஏறக் கிணறு வற்றும், போர்வெல் இரவும் பகலும் ஓடும், மோட்டார் எரியும். மாசியிலிருந்து வைகாசி வரை டெஸ்பாட்ச் கவுண்டரில் மூச்சுவிட நேரம் இருக்காது.

ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு வண்டியேறும் வரை நடக்கும் வேலைகளுக்கு எங்கள் சிறு குழு ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருந்தது. திரை வடிவமைப்பு என் பொறுப்பு. ஆர்டர், கடன் வரம்பு பார்த்து ஒப்புதல், பில், பேக்கிங், பார்சல் சர்வீஸ் புக்கிங், இ-வே பில் (சரக்கு வண்டியில் போவதற்கு ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் மின் ஆவணம்), கடைசியில் டீலருக்கு எஸ்எம்எஸ். வேலை இந்த வரிசையில் போகும். புக்கிங் கட்டத்தில் மட்டும் ஒன்பது பார்சல் சர்வீஸ்களின் வலைச்சேவைகளை இணைத்திருந்தோம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் மென்பொருள் அந்த நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிட்டு, எல்.ஆர். எண்ணை, அதாவது லாரி ரசீது எண்ணை, வாங்கிவந்து பில்லோடு சேர்த்துவிடும்.

ஒன்பதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கவுண்டரில் இருப்பவர்தான் முடிவு செய்வார். அங்கே மூன்று பேர். இருபது வருடத்துக்கு மேல் டெஸ்பாட்ச் பார்க்கும் ஒரு அக்கா, அவருக்கு உதவியாக இரண்டு இளைஞர்கள். அக்கா லீவு போட்டால் அன்றைக்கு புக்கிங் தடுமாறும். மேலாளர் எங்களைக் கூப்பிட்டு, "அவங்க தலைக்குள்ள இருக்கறதைக் கொஞ்சம் மெஷினுக்குள்ள கொண்டுவர முடியுமாங்க?" என்று கேட்டார். எந்த சர்வீஸில் அனுப்பலாம் என்று திரையே பரிந்துரைக்கும்படி செய்ய முடியும் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

முதல் வடிவம்

வலைச்சேவைகளைத் தேடிக் கொடுப்பது பழைய கனவு. 2000-ல் யூடிடிஐ என்ற பதிவேடு வந்தபோது, தேவையான சேவையை நிரல்களே கண்டுபிடித்து இணைத்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி நடத்திய பொதுப் பதிவேடு 2006-ல் மூடப்பட்டது. அப்புறம் வலுப்பெற்ற வழி, ஒத்த பயனர்களின் அனுபவத்தை வைத்து இன்னொருவருக்குச் சேவையைப் பரிந்துரைப்பது. இந்தத் துறையில் அதிகம் புழங்கும் தரவுத்தொகுப்பு டபிள்யூஎஸ்-ட்ரீம். 339 பயனர்கள் 5,825 வலைச்சேவைகளைக் கூப்பிட்டபோது பதில் வர எவ்வளவு நேரம் பிடித்தது, தரவு எவ்வளவு வேகத்தில் வந்தது என்பதுதான் அதில் இருக்கிறது. நாங்கள் இதையெல்லாம் படித்துப் பழகியவர்கள். நல்ல சேவை என்றாலே எங்கள் மனதில் சட்டென்று பதில் சொல்கிற, அடிக்கடி விழாத சர்வர்தான்.

பரிந்துரை மூன்று விஷயங்களைப் பார்த்தது. இந்த லாகினில் இதுவரை எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தப் பகுதிக்குப் பொதுவாக எது போயிருக்கிறது. அந்த வலைச்சேவையின் பதில் நேரம் எப்படி. பகுதி என்பதற்குப் பின்கோடின் முதல் இரண்டு இலக்கங்களை எடுத்துக்கொண்டோம். ஆறு இலக்கத்தையும் எடுத்தால் பெரும்பாலான ஊர்களுக்கு ஒன்றிரண்டு லோடுதான் கணக்கில் இருந்தது. அதை வைத்து எதையும் கணிக்க முடியாது. அப்போது அது நியாயமாகவே பட்டது.

திரை எளிமையானது. ஒன்பது சர்வீஸ்களும் மதிப்பெண் வரிசையில் வரும். முதலில் இருப்பது ஏற்கெனவே தேர்வாகி நீலத்தில் நிற்கும். என்டர் தட்டினால் புக்கிங் முடிந்தது.

முதல் மாத முடிவில் வரைபடம் போட்டுப் பார்த்தோம். பரிந்துரைத்த முதல் சர்வீஸையே கிட்டத்தட்ட எப்போதும் ஏற்றிருந்தார்கள். மேலாளர் டீ வரவழைத்தார். நாங்களும் குடித்தோம்.

பரமக்குடிக்குப் போகாத பண்டல்

இரண்டாம் மாதம் அக்கா லீவில் இருந்த ஒரு நாள், பரமக்குடி டீலருக்கு மூன்று அட்டைப்பெட்டியும் ஒரு பண்டலும் போயின. திரை சொன்ன சர்வீஸை இளைஞர்களில் ஒருவர் புக் செய்தார். அந்த சர்வீஸ் சரக்கை மதுரை கோடவுனில் இறக்கிவிட்டு, அதற்கு மேல் தங்கள் வண்டி வாரத்துக்கு ஒருமுறைதான் என்று சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டுக்குள் அனுப்பும் சரக்கின் மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும், இது தாண்டியிருந்தது. சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், மிச்சத் தூரத்துக்கு இன்னொரு நாள் என்பது கணக்கு. ஆக, கோவையிலிருந்து பரமக்குடிக்கு அந்த இ-வே பில் இரண்டு நாள்தான் செல்லும். பில் காலாவதியாகும் நேரத்துக்கு முன்னும் பின்னும் 8 மணி நேரத்துக்குள் நீட்டிக்கலாம். மதுரை கோடவுனில் யாரும் அதைச் செய்யவில்லை. புதிதாக இ-வே பில் எடுத்து, டீலரே ஒரு மினி லாரி பிடித்துப் போய் எடுத்துவந்தார். அங்கே அவரிடம் ஒரு விவசாயி மோட்டாருக்காகக் காத்துக்கொண்டிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது.

மேலாளர் இளைஞரைக் கூப்பிட்டுக் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

"மெஷின்தாங்க அதைக் காட்டுச்சு."

"டீலர் கூப்பிட்டா மெஷினா தம்பி ஃபோன் எடுக்குது?"

அன்றைக்கு அது திட்டாகத்தான் காதில் விழுந்தது. இந்தத் திரையில் நாங்கள் கோட்டைவிட்டதெல்லாம் அதற்குள் இருந்தது என்று புரிய இன்னும் பத்து நாள் ஆயிற்று.

ஏன் அந்த சர்வீஸ் முதலில் வந்தது என்று பார்த்தோம். பரமக்குடி 623-ல் தொடங்கும். முதல் இரண்டு இலக்கம் 62. திருச்சி 620, திண்டுக்கல் 624, மதுரை 625, நெல்லை 627, நாகர்கோவில் 629. 1972-ல் பின்கோடு வந்ததிலிருந்து முதல் மூன்று இலக்கம் சேர்ந்துதான் ஒரு தபால் பிரிப்பு மாவட்டத்தைக் குறிக்கிறது. நாங்கள் இரண்டோடு நிறுத்தியதால், திருச்சியிலிருந்து நாகர்கோவில் வரை எல்லாம் எங்கள் மென்பொருளுக்கு ஒரே ஊர். மதுரையில் அந்த சர்வீஸ் வாங்கிய நல்ல பெயரில் பரமக்குடியும் சேர்ந்துகொண்டது.

கணக்கில் இருந்த தப்பு இது, திருத்துவது சுலபம். ஆனால் அந்த இளைஞர் திரையைப் பார்த்தும் ஏன் சந்தேகப்படவில்லை? அதைத் தெரிந்துகொள்ள நான் கவுண்டருக்குப் போய் உட்கார்ந்தேன்.

கவுண்டரில் பார்த்தது

மாலை நான்கு மணிக்கு மேல்தான் அங்கே கூட்டம். ஆறரைக்குள் லோடு ஏறவில்லை என்றால் அன்றைய வண்டி போய்விடும். லோடுமேன் பெட்டியைத் தராசில் வைப்பார், இளைஞர் பார்கோடு ஸ்கேனரைப் பிடித்து ஒரு பீப், எடை வரும், என்டர், திரை மாறும், என்டர், இன்னொரு என்டர். வலது கை எண் பலகையை விட்டு நகரவே இல்லை. மூன்றாவது என்டரில்தான் எங்கள் பரிந்துரைத் திரை இருந்தது. அவர் கண் அப்போது அடுத்த பெட்டியின் மேல் இருந்தது.

எங்கள் வரைபடம் அளந்தது இந்த என்டரைத்தான். நாங்களே முன்கூட்டித் தேர்ந்து வைத்ததை அவர்கள் கடந்து போனார்கள்; அதை விருப்பம் என்று மென்பொருள் எழுதிக்கொண்டது; மறுநாள் அதே சர்வீஸுக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பெண் கூடியது. தன் குரலின் எதிரொலியைக் கேட்டு அதுவே தலையாட்டிக்கொண்டிருந்தது. குடித்த டீயை நினைத்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவதாகக் கண்டது இன்னும் சாதாரணமானது. கணினியின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அதில் ஒரு பயனர் பெயர், ஒரு கடவுச்சொல். மூன்று பேருக்கும் ஒரே லாகின். நாங்கள் 'உங்களுக்காக' என்று தலைப்புப் போட்டுக் காட்டிய பரிந்துரை, அக்காவும் இரண்டு இளைஞர்களும் கலந்த, உலகத்தில் இல்லாத ஒரு நான்காவது ஆளுக்கானது.

அக்கா திரும்பி வந்த பிறகு அவர் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். அவர் திரையைப் பார்ப்பார். ஆனால் வரிசை தினமும் மாறுவதால் எரிச்சல். "முன்னெல்லாம் நாலுன்னா இந்த சர்வீஸ்னு கைக்கே தெரியும் தம்பி. இப்ப ஒவ்வொரு தடவையும் படிக்க வேண்டியிருக்கு" என்றார். மதிப்பெண் காட்டும் கட்டத்தில் 0.87 என்று இருந்தது. பக்கத்துக் கட்டம் எடை. "இது என்ன, கிலோவா?" என்று கேட்டார். கிண்டலா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேசை இழுப்பறையில் ஒரு நீளவாக்கு நோட்டு வைத்திருந்தார். ஊர் வாரியாக, பென்சிலில். சில ஊர்களுக்கு எதிரே சர்வீஸ் பெயர் இருக்காது, டீலர் பெயர்தான் இருக்கும். ஏன் என்று கேட்டேன். டூ-பே சரக்குக்கு வாடகை கொடுப்பவர் டீலர். எந்த சர்வீஸ் என்று அவர்தான் சொல்வார். ஒருவருக்குக் கடைக்குப் பின்னாலேயே கோடவுன் உள்ள சர்வீஸ் வேண்டும். இன்னொருவருக்கு ஒரு சர்வீஸோடு பழைய தகராறு. இந்த விருப்பம் எதுவும் கவுண்டரில் இருப்பவருடையது இல்லை. நாங்களோ கவுண்டரில் இருப்பவரின் பெயரில் அதைச் சேர்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த நோட்டில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். முதல் மாதம் முழுக்க எங்கள் பட்டியலில் மேலே நின்ற சர்வீஸின் பெயர், பக்கத்தில் 'மழைக்காலம் வேண்டாம், தார்ப்பாய் சரியில்லை'. அந்த சர்வீஸின் சர்வர் ஒன்பதிலேயே வேகமானது. சர்வர் சீக்கிரம் பதில் சொல்வதற்கும் பண்டல் நனையாமல் போய்ச் சேர்வதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எழுதிப் பார்த்தால் பச்சைக் குழந்தைக்கும் தெரிகிற விஷயம். நாங்கள் இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் போட்டுக் கலக்கியிருந்தோம்.

எடுத்த முடிவுகள்

முதலில் செய்தது வரைபடத்தில் ஒரு பெட்டியை மாற்றியது. வேலையின் ஓட்டத்தை பிபிஎம்என் முறையில் வரைந்திருந்தோம். அந்த முறையில், மென்பொருளே செய்யும் வேலைக்குப் பெட்டியின் மூலையில் பல்சக்கரம் போடுவார்கள்; ஆள் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒரு சிறிய ஆள் படம். புக்கிங் பெட்டியில் நாங்கள் பல்சக்கரம் போட்டிருந்தோம். இப்போது அதை இரண்டாகப் பிரித்தோம்: தேர்வுக்கு ஆள் படம், சர்வரைக் கூப்பிட்டு எல்.ஆர். எண் வாங்குவதற்குப் பல்சக்கரம். படத்தில் சின்ன மாற்றம்தான். ஆனால் அதற்கப்புறம் கூட்டங்களில் 'தேர்வு செய்பவருக்கு என்ன தெரிய வேண்டும்' என்ற பேச்சு தானாகவே வந்தது.

முன்கூட்டித் தேர்ந்து வைப்பதில்தான் வாக்குவாதம் நீண்டது. அதை முழுக்க எடுத்துவிட வேண்டும் என்றேன். சாயங்காலக் கூட்டத்தில் ஒவ்வொரு விசையும் கணக்கு என்றார் மேலாளர். அதுவும் சரிதான். கடைசியில் ஒரு நடுவழி: அதே டீலருக்கு அதே சர்வீஸில் முன்பு அனுப்பி, சரக்கு சேர்ந்ததாகப் பதிவும் இருந்தால் மட்டும் முன்கூட்டித் தேர்வு. இல்லாவிட்டால் திரையில் எதுவும் நீலமாகாது. சர்வீஸின் எண்ணைத் தட்டியே ஆக வேண்டும். முன்தேர்வை என்டரில் கடந்து போவதை இனி விருப்பமாக எண்ணுவதில்லை என்றும் முடிவெடுத்தோம். எண்ணைத் தட்டித் தேர்ந்ததும், சரக்கு சேர்ந்ததும்தான் கணக்கு.

வரிசையை நிலையாக வைத்தோம். ஒன்று முதல் ஒன்பது வரை, அக்காவின் பழைய எண்களே. பரிந்துரைத்த சர்வீஸ் தன் இடத்திலேயே இருக்கும். இடது ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் வரும். அதிகம் பயன்படுத்துவதை முன்னால் கொண்டுவரும் மெனுக்கள் ஆஃபீஸ் 2000-ல் இருந்ததை நினைவிருப்பவர்களுக்கு, தேடும் பொருள் இடம் மாறும்போது வரும் கோபமும் நினைவிருக்கும்.

மதிப்பெண்ணை எடுத்துவிட்டு ஒரே ஒரு வரியில் காரணம் போட்டோம். மூவிலென்ஸ் என்ற சினிமாப் பரிந்துரைத் தளத்தின் பயனர்களிடம் 21 விதமான விளக்கங்களைக் காட்டிப் பார்த்த ஒரு ஆய்வு 2000-ல் வெளிவந்தது. ஒத்த ரசனை உள்ளவர்கள் எத்தனை பேர் நல்லது என்றார்கள், எத்தனை பேர் இல்லை என்றார்கள் என்ற எளிய பட்டைப்படம்தான் அதில் நன்றாக எடுபட்டது. எங்கள் கவுண்டரில் பட்டைப்படத்துக்கும் இடமில்லை. அதனால் இப்படி: 'இந்த டீலருக்கு 6 தடவை, 6-ம் சேர்ந்தது'. டீலர் புதிது என்றால், 'இந்த மாவட்டத்துக்கு 4 தடவை, 1 தாமதம்'. அதுவும் இல்லை என்றால், 'இந்தப் பக்கம் நமக்கு அனுபவம் இல்லை'. கடைசி வரியை வைக்க எங்கள் நிரலாளருக்கு மனசே வரவில்லை. மென்பொருளே கையை விரிப்பதுபோல் இருக்கிறதாம். அன்றைக்கு பரமக்குடிக்கு அந்த வரி வந்திருந்தால் அந்த இளைஞர் அக்காவுக்கு ஒரு ஃபோன் போட்டிருப்பார்.

லாகினுக்குத் தனிப்பயனாக்குவதைக் கைவிட்டு டீலருக்கு மாற்றினோம். அதற்கு முன் மூன்று பேருக்கும் தனித்தனி லாகின் கொடுத்து ஒரு வாரம் பார்த்தோம். ஒரே கணினி, கையெல்லாம் கிரீஸ், லோடுமேன் கத்திக்கொண்டிருக்கிறார். இதில் யார் வெளியேறி யார் உள்ளே வருவது? காலையில் முதலில் வந்தவர் பெயரிலேயே நாள் முழுக்க ஓடியது.

சர்வர் விஷயத்துக்குத் தனியாக ஒரு பச்சை, சிவப்புப் புள்ளி. சிவப்பாக இருந்தால் 'புக்கிங் லைன் இல்லை' என்று காட்டி, அந்த சர்வீஸின் புக்கிங் ஆபீஸ் ஃபோன் எண்ணையும், எல்.ஆர். எண்ணைக் கையால் எழுதும் கட்டத்தையும் திறந்துவிடும். பரிந்துரைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

பரிந்துரையைத் தள்ளினால் ஏன் என்று ஒரு விசையில் சொல்ல வழி வைத்தோம்: டீலர் சொன்னார், அந்த ஊருக்குப் போகாது, இன்றைக்கு வண்டி வரவில்லை, வேறு காரணம். முதலாவது டீலர் கணக்கில் ஏறும், இரண்டாவது ஊர்க் கணக்கில் ஏறும், மூன்றாவது அன்றோடு மறந்துவிடும்.

அப்புறம் அந்த நோட்டு. அதை இரண்டு மதியம் உட்கார்ந்து தட்டச்சு செய்வதாகத் திட்டம். அக்கா நோட்டை நீட்டியவர் கையை விடாமல், "இதையும் மெஷினுக்குக் குடுத்துட்டா அப்புறம் நான் எதுக்குங்க தம்பி?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மேலாளரோடு பேசி, அந்தக் குறிப்புகள் 'கவுண்டர் குறிப்பு' என்ற தனி வரியாக வரும், அக்கா மட்டுமே அவற்றை மாற்ற முடியும், கணிப்பு அவற்றை மீறாது என்று முடிவாயிற்று. அவர் கேள்விக்கு இது பாதிப் பதில்தான். எல்லாவற்றையும் அவர் தரவுமில்லை. சில பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இது வேண்டாம்" என்றார். நாங்கள் கேட்கவில்லை.

பின்விளைவு

முன்னும் பின்னும் ஒப்பிட எண் தாருங்கள் என்று மேலாளர் கேட்டார். தர முடியவில்லை. முன் எண் என்று இருந்ததெல்லாம் என்டர் விசையின் எண்கள். அதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார், நல்ல வேளை.

கண்ணால் பார்த்ததைச் சொல்லலாம். அடுத்த சீசனில் அக்கா ஒரு வாரம் ஊருக்குப் போனார், கவுண்டர் ஓடியது. 'அனுபவம் இல்லை' வரி வந்த இடங்களில் இளைஞர்கள் நின்று யோசித்தார்கள், சில சமயம் டீலருக்கே ஃபோன் போட்டுக் கேட்டார்கள். முதல் சில நாள் சாயங்காலத்தில் வேலை மெதுவானது உண்மை. பழைய எண்கள் திரும்பி வந்ததால் அக்காவின் கை வேகம் உடனே மீண்டது, இளைஞர்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது.

புதுத் தொல்லைகளும் வந்தன. தள்ளும் காரணத்தில் 'வேறு காரணம்' மலைபோல் குவிந்தது. அதற்கு எண் பலகையில் பூஜ்யத்தைக் கொடுத்திருந்தோம். பெருவிரலுக்கு அடியிலேயே இருக்கும் பெரிய விசை. என்டரில் சுட்டுக்கொண்ட கையை பூஜ்யத்தில் கொண்டுபோய் வைத்திருந்தோம்.

இன்னொன்று இன்றும் தீரவில்லை. டீலரின் பழைய வழக்கத்தையே திரை காட்டிக்கொண்டிருப்பதால், புதிதாக வந்த சர்வீஸ் எதற்கும் முதல் லோடு கிடைப்பதில்லை. வாடகை குறைவான ஒன்றைச் சேர்த்தபோது அது பத்தாவது வரியில் அனுபவம் இல்லாமல் கிடந்தது. இப்போதைக்கு மேலாளர் ஒரு சர்வீஸை ஒரு மாவட்டத்துக்கு, ஒரு தேதி வரை, தன் பெயரோடு முன்னிறுத்தலாம். 'மேலாளர் சொன்னது' என்றே திரையில் வரும். யார் சொன்னது என்பது தெரிவதால் கவுண்டரில் இருப்பவருக்குப் பயம் குறைவு. ஆனால் அந்தத் தேதிகளை நீட்டிக்க அவர் மறந்துவிடுகிறார்.

இன்று செய்தால்

கணிப்பு எழுதுவதற்கு முன் கவுண்டரில் ஒரு சாயங்காலமாவது உட்கார்வேன். ஒட்டியிருந்த காகிதத் துண்டு முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும்.

முதல் மாதம் பரிந்துரையைத் திரையில் காட்டாமலே பின்னால் ஓட்டி, அவர்கள் தேர்ந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்திருப்பேன். அந்த ஒரு மாதம் இருந்திருந்தால் மேலாளர் கேட்ட எண்ணையும் கொடுத்திருக்கலாம்.

'வேறு காரணம்' என்பதை விசையில் வைக்காமல், லோடு ஏறி முடிந்த பிறகு ஆறரை மணிக்கு மேல் கேட்பேன். அப்போதுதான் கவுண்டரில் டீ வரும், வாய் திறக்கும். அன்றைக்குத் தள்ளியவற்றை மட்டும் ஒரு சின்னப் பட்டியலாகக் காட்டி, எதிரே ஒரு வரி எழுத இடம் விட்டால் போதும் என்று நினைக்கிறேன். அக்காவிடம் இதைச் சொன்னபோது, பென்சிலில் எழுதலாமா என்று கேட்டார். பட்டியலை அச்சடித்துக் கொடுப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.